சுரப்பும் கட்டளையும்: அகஞ்சுரக்குஞ் சுரப்பிகளின் கட்டிகள் பற்றிய ஒரு நோக்கு

சமூகத்தை ஓர் உடலாக உருவகித்துப் பேசும் வழக்கு மிகத் தொன்மையானது. பண்டைய உரோமாபுரியின் பொதுமக்கள் பெருங்குடியினரின் கொடுமை தாளாது நகரை நீங்கிக் குன்றொன்றிற் சென்று தங்கினர். அவர்களைத் திருப்பியழைக்க அனுப்பப்பட்ட மெனேனியஸ் அகிரிப்பா என்பவன், வயிற்றுக்கும் கைகால்களுக்கும் மூண்ட பிணக்கைப் பற்றிய கதையொன்றைக் கூறி அவர்களை இணங்கச் செய்தான் என வரலாற்றாசிரியர் லிவி எழுதியுள்ளார். ஷேக்ஸ்பியரும் தமது கொறியோலேனஸ் நாடகத்தின் முதற் காட்சியிலேயே இக்கதையை எடுத்தாண்டுள்ளார். உழையாது உண்பது வயிறாயினும் உடல் முழுவதற்கும் ஊட்டமளிப்பது அதுவே. ஆதலின் ஏனைய உறுப்புகள் பணிந்திருத்தலே முறை என்பது கதையின் சாரம். சொன்னவன் யார், கேட்டவர் யார் என்பதை அவதானித்தால் அதன் நோக்கத்தை நாம் விளக்கவேண்டிய தேவையில்லை.

நவீன காலத்தில் இவ்வுருவகம் புதிய சொற்களைப் பெற்றுள்ளது. வயிறும் கைகால்களும் போய்க் கலமும் இழையமும் சுரப்பியும் கட்டியும் வந்துள்ளன. வேலைநிறுத்தஞ் செய்யும் தொழிலாளரைத் தேசத்தின் உடலில் தோன்றிய கட்டி என்பதும், சிறுபான்மையினரைப் புற்று என்பதும், அறுத்தெறிவதே பரிகாரம் என்பதும் பல நாடுகளின் அரசியல் மேடைகளிற் கேட்டுப் பழகிய பேச்சுகளாகும். இவ்வாறு பேசுவோர் ஓர் எண்ணத்தை ஐயத்துக்கிடமற்ற விஞ்ஞான உண்மைபோல முன்னிறுத்துகின்றனர். அஃதாவது, கட்டி என்பது கட்டளையை மீறிய உறுப்பு. அது ஒரு கலகம். சுகமென்பது கீழ்ப்படிவு. ஓர் உருவகத்தைச் சோதிப்பதற்கு நேரான வழி, அது எப்பொருளிலிருந்து பெறப்பட்டதோ அப்பொருளையே சென்று பார்ப்பதாகும். இலக்கிய மாணவராகிய நாம் மருத்துவத்துறைக்குட் புகுவதற்கு இதுவே நியாயம். பல்வகைக் கட்டிகளுள்ளும் அகஞ்சுரக்குஞ் சுரப்பிகளின் கட்டிகளை நாம் தேர்ந்துகொண்டமைக்கும் காரணமுண்டு. பிற உறுப்புகளில் தோன்றும் கட்டி பெரும்பாலும் தன் பருமனாலும் பரவலாலுமே தன்னை அறிவிக்கிறது. சுரப்பியில் தோன்றும் கட்டியோ பல வேளைகளிற் சுரக்கவுஞ் செய்கிறது. அது எதனைச் சுரக்கிறது, எவ்வளவு சுரக்கிறது, எதற்குச் செவிசாய்க்கிறது என்பனவற்றைக் குருதியில் அளந்தறிய முடியும்.

உமிழ்நீரும் வியர்வையும் கான்கள் வழியே உரிய இடத்துக்குச் செல்கின்றன. கபச்சுரப்பி, தைரொயிட்டுச் சுரப்பி, பராதைரொயிட்டுச் சுரப்பிகள், அதிரீனற் சுரப்பிகள், சதையியினுள்ளே சிதறிக்கிடக்கும் இலங்கர்கான் சிறுதீவுகள், சூலகம், விதை ஆகியவற்றுக்குக் கான்கள் இல்லை. அவை தாம் சுரப்பனவற்றை நேரே குருதியிற் கலக்கின்றன. குருதி எல்லா உறுப்புகளுக்கும் பொதுவானது. ஆகவே இங்கு அனுப்பப்படும் செய்தி எல்லோரிடமுஞ் செல்கிறது. அதனை ஏற்பதற்குரிய வாங்கியைக் கொண்ட கலம் மாத்திரமே அதற்கேற்பச் செயற்படுகிறது. செய்தியின் பொருள் அனுப்புவோனிடம் மட்டுமன்றிப் பெறுவோனிடமும் தங்கியுள்ளது என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

இவ்வுண்மை எளிதிற் கண்டறியப்பட்டதன்று. ஜெர்மனியின் கொற்றிங்கன் நகரில் 1849 இல் பேர்தோல்ட் என்பவர் இளஞ்சேவல்களின் விதைகளை அகற்றி, அவற்றுட் சிலவற்றின் வயிற்றறைக்குள் விதையை மீண்டும் பதித்துப் பார்த்தார். பழைய நரம்புத் தொடர்பு ஏதுமற்ற நிலையிலும் அச்சேவல்களுக்குக் கொண்டை வளர்ந்தது, அவை கூவின, சண்டையிட்டன. எனினும் இப்பரிசோதனை அரை நூற்றாண்டுக்குப் பொருட்படுத்தப்படாது கிடந்தது. உடலின் தொடர்புகள் யாவும் நரம்புகளாலேயே நடைபெறுகின்றன என்ற கருத்து அக்காலத்தில் மேலோங்கியிருந்தது. சமிபாடு பற்றிய ஆய்வுகளுக்காக 1904 இல் நொபெல் பரிசு பெற்ற ருஷிய உடற்றொழிலியலாளர் பவ்லோவின் ஆய்வுகூடத்திலும் அதுவே கொள்கை. 1902 ஜனவரியில் இலண்டனில் பேலிஸ், ஸ்ராலிங் என்ற இருவர், ஒரு நாயின் சிறுகுடற் பகுதியொன்றுக்குச் செல்லும் நரம்புகள் அனைத்தையும் அறுத்துவிட்டு அதனுள் அமிலத்தைச் செலுத்தினர். சதையி வழமைபோலவே சுரந்தது. பின்னர் குடலின் உட்படையைச் சுரண்டியெடுத்து அமிலத்துடன் அரைத்து வடித்து நாளத்திற் செலுத்தியபோதும் சதையி சுரந்தது. ஆகவே செய்தியைக் கொண்டுசென்றது நரம்பன்று, இரசாயனப் பொருளே என்பது நிறுவப்பட்டது.

அத்தகைய பொருளுக்கு 1905 இல் ஸ்ராலிங் இட்ட பெயரே ஓமோன் என்பது. அச்சொல்லின் பிறப்புப் பற்றிச் சுவையான செய்தியொன்றுண்டு. கேம்பிரிட்ஜில் நடந்த விருந்தொன்றிற் சொல் தேடிய விஞ்ஞானிகளுக்கு, கிரேக்கக் கவி பிண்டரில் வல்லவரான வெசி என்ற அறிஞர், தூண்டுதல் அல்லது எழுச்சியூட்டுதல் என்னும் பொருளுடைய கிரேக்க வினையொன்றை எடுத்துக்கொடுத்ததாக ஜோசப் நீடம் எழுதியுள்ளார். கவிதை கற்றோர் விஞ்ஞானத்துக்கு ஆற்றிய பணிகளுள் இதனையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆயினும் அச்சொல் முழு உண்மையையும் கூறவில்லை. ஓமோன்கள் தூண்டுவனவாக மட்டுமன்றித் தடுப்பனவாகவும் உள்ளன. கபச்சுரப்பி என்ற நம் சொல்லின் கதை இதனினும் வேடிக்கையானது. மூளையில் ஊறும் சளி இவ்வுறுப்பின் வழியே மூக்கிற்கு வடிகின்றது எனப் பண்டைக் கிரேக்க மருத்துவர் கலென் கொண்ட கருத்தினால், சளி என்று பொருள்படும் இலத்தீன் பெயர் அதற்கு அமைந்தது. அக்கருத்துப் பதினேழாம் நூற்றாண்டிலேயே பொய்ப்பிக்கப்பட்டது. பெயரோ நீடித்தது. தமிழிற் கலைச்சொல்லாக்கஞ் செய்தோர் சளியைக் கபமாக்கினர். வாதம், பித்தம், கபம் என்ற நம் மருத்துவ மரபின் சொல்லொன்று, மேலைத்தேயத்தார் கைவிட்ட கொள்கையொன்றுக்கு இவ்வாறு புகலிடமளித்து நிற்கிறது. மொழிபெயர்ப்பிற் பிழையும் பத்திரமாகப் பேணப்படும் என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் நாமறிந்தவரை இல்லை.

இனிச் சுரப்பின் கட்டுப்பாட்டை நோக்குவோம். மண்டையோட்டின் அடியில் ஒரு சிறு குழியினுள் பட்டாணி அளவினதாய் அமைந்த கபச்சுரப்பியைப் பாடநூல்கள் தலைமைச் சுரப்பி என வருணிப்பதுண்டு. தைரொயிட்டு, அதிரீனல், சூலகம், விதை ஆகியவற்றைத் தூண்டும் ஓமோன்களை அது சுரப்பதனால் இப்பெயர் வந்தது. முடியாட்சிக் காலத்து மனோபாவத்தின் எச்சமே இதுவெனலாம். ஏனெனில் தலைமைச் சுரப்பியும் தன்னிச்சையாகச் சுரப்பதில்லை. அதற்கு மேலேயுள்ள பரிவகக்கீழ் என்னும் மூளைப்பகுதியிலிருந்து வரும் மிக நுண்ணிய ஓமோன்கள் அதனைத் தூண்டியுந் தடுத்தும் வருகின்றன. சரி, பரிவகக்கீழ்தான் அரசனோவெனில் அதுவுமன்று. தைரொயிட்டைக் கவனிப்போம். குருதியிலே தைரொட்சின் குறையும்போது பரிவகக்கீழும் கபச்சுரப்பியும் அதனை உணர்ந்து தூண்டலைக் கூட்டுகின்றன. தைரொயிட்டு அதிகஞ் சுரக்கிறது. தைரொட்சின் போதிய அளவு சேர்ந்ததும் அதுவே மேலே சென்று தூண்டலைத் தணிக்கிறது. இதனை எதிர்மறைப் பின்னூட்டல் என்பர். கீழுள்ளது மேலுள்ளதற்குக் கட்டுப்பட்டிருக்கும் அதே அளவுக்கு மேலுள்ளதும் கீழுள்ளதற்குக் கட்டுப்பட்டிருக்கிறது. சுரப்பு என்பது ஒரு சுரப்பியின் தனிக்குணமன்று. சுரப்பிகளுக்கிடையிலான ஓர் உறவே சுரப்பாக வெளிப்படுகிறது.

இவ்வுறவு முறையாக இயங்கியவாறே நோயாகவும் மாறக்கூடும். தைரொட்சினை ஆக்குவதற்கு அயடீன் இன்றியமையாதது. மண்ணிலும் உணவிலும் அயடீன் அருகிய இடங்களிலே தைரொயிட்டினால் வேண்டிய அளவு தைரொட்சினை ஆக்க இயலாது. கபச்சுரப்பியோ இன்னும் இன்னும் எனத் தூண்டிக்கொண்டே இருக்கும். மூலப்பொருள் இன்றியே உற்பத்தியைப் பெருக்குமாறு ஏவப்பட்ட தைரொயிட்டு தன் கலங்களைப் பெருக்குகிறது, கழுத்து வீங்குகிறது. அல்ப்ஸ் மலைப்பள்ளத்தாக்குகளின் ஏழை விவசாயிகளிடையே தலைமுறை தலைமுறையாகக் காணப்பட்ட கழலை இதுவே. சுவிற்சலாந்தில் 1922 இல் உப்புக்கு அயடீன் ஊட்டத் தொடங்கிய பின்னர் அது மறையலாயிற்று. இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்திலும் இந்நோய் நெடுங்காலம் பரவியிருந்தது. இங்கு உப்புக்கு அயடீன் ஊட்டுதல் 1995 இலேயே சட்டமாயிற்று. அக்கழுத்துகளின் வீக்கத்திற் கலகம் ஏதுமில்லை. அளவிறந்த கீழ்ப்படிவே இருந்தது.

ஆயின் கழலையை உண்மையான கட்டியென்று கூறுதல் பொருந்தாது. காரணம் நீங்கத் தொடக்கநிலை வீக்கம் தணியும். கட்டியோ தூண்டல் நீங்கிய பின்னும் வளர்வது. ஆகவே கலகம் என்ற உருவகத்தை ஏற்போர் இங்கேயே தம் சான்றைத் தேடவேண்டும். கபச்சுரப்பியில் வளர்ச்சி ஓமோனைச் சுரக்கும் கலங்களை எடுத்துக்கொள்வோம். பரிவகக்கீழிலிருந்து வரும் தூண்டல் ஓமோன் அக்கலத்தின் மென்சவ்விலுள்ள வாங்கியுடன் பொருந்துகிறது. உடனே கலத்தினுள்ளே ஒரு புரதம் விழிப்புற்று, சுரக்கவும் பெருகவும் வேண்டிய இரசாயன மாற்றங்களைத் தொடக்கிவைக்கிறது. இப்புரதத்தின் சிறப்பு யாதெனில், அது தன்னைத் தானே விரைவில் அணைத்துக்கொள்ளும் ஆளி போன்றது. கட்டளை வந்தது, நிறைவேறிற்று, முடிந்தது; அடுத்த கட்டளை வரும்வரை அமைதி. வளர்ச்சி ஓமோனைச் சுரக்கும் கட்டிகளை ஆராய்ந்தோர் அவற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பதில் இப்புரதத்துக்குரிய பரம்பரையலகு விகாரமடைந்திருப்பதை 1980களின் இறுதியிற் கண்டறிந்தனர். புரதச் சங்கிலியில் ஒரேயொரு அமினோவமிலமே மாறியிருக்கிறது. அம்மாற்றத்தால் ஆளி தன்னை அணைத்துக்கொள்ளும் வல்லமையை இழந்துவிடுகிறது. கட்டளை எதுவும் வராதபோதும் கலம் கட்டளை வந்துகொண்டேயிருப்பதுபோல இயங்குகிறது. சுரக்கிறது, பிரிகிறது, மேலும் சுரக்கிறது. எவராலும் இடப்படாத கட்டளையொன்றுக்கு ஓயாது பணிந்துகொண்டிருக்கும் கலம் அது.

எல்லாக் கட்டிகளும் இவ்வகையின என நாம் கூறவரவில்லை. தடுப்புப் பணியாற்றும் பரம்பரையலகு செயலிழப்பதனால் உண்டாகுங் கட்டிகள் உள்ளன. அத்தகைய ஒன்றைக் கீழே காண்போம். சதையியின் சிறுதீவுகளில் தோன்றுங் கட்டி குருதியில் வெல்லம் குறைந்த வேளையிலும் இன்சுலினைச் சுரந்து நோயாளியை மயக்கத்தில் வீழ்த்தும். அதிரீனலின் அகணியில் தோன்றுங் கட்டி, அச்சம் எதுவும் இல்லாதபோதே அச்சத்துக்குரிய ஓமோனை வீசி இதயத்தைப் படபடக்கச் செய்யும். சுரப்பியோடு எவ்விதத் தொடர்புமற்ற நுரையீரற் புற்றொன்று கபச்சுரப்பிக்குரிய ஓமோனைச் சுரப்பதுமுண்டு. ஒவ்வொரு கலத்திலும் உடலின் பரம்பரைச் செய்தி முழுவதும் அடங்கியிருப்பதால், மூடிவைக்கப்பட்ட பக்கமொன்று தவறான இடத்தில் திறந்துகொள்கிறது.

மருத்துவர் இக்கட்டிகளை இனங்காணும் முறை நமது வாதத்துக்கு மிகவும் பயனுடையது. ஒரு முறை குருதி எடுத்து அளத்தல் பெரும்பாலும் போதாது. அச்சுரப்பி இன்னும் செவிசாய்க்கிறதா என வினவுதல் வேண்டும். சுகதேகி ஒருவர் 75 கிராம் குளுக்கோசைக் கரைத்துக் குடித்தால் வளர்ச்சி ஓமோன் தாழ்ந்துவிடும். கட்டியுடையவரில் அது தாழாது, சிலரில் ஏறவுஞ் செய்யும். கோட்டிசோல் மிகுதியால் முகம் வட்டமாகித் தசை மெலிந்து தோலிற் செவ்வூதாக் கோடுகள் தோன்றும் நோயை, அமெரிக்க மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹார்வி குஷிங் 1932 இல் கபச்சுரப்பியின் சிறு கட்டியோடு தொடர்புபடுத்தினார். இந்நோயில் டெக்சாமெதசோன் என்னும் செயற்கை மருந்தைச் சிறிதளவு கொடுத்தால் கட்டி அசையாது. பெருமளவு கொடுத்தால் அதே கட்டி பல நோயாளரிடத்தில் அடங்குகிறது. முன்னர்க் குறிப்பிட்ட நுரையீரற் புற்றோ பெரும்பாலும் அப்போதும் அடங்குவதில்லை. ஆகவே கபச்சுரப்பியின் கட்டி முழுச்செவிடன்று. அதன் காது மந்தமானது. கலகமெனவும் கீழ்ப்படிவெனவும் இரண்டே பெட்டிகளை வைத்திருப்போர் இதனை எப்பெட்டியில் இடுவர்?

இவ்வளவு நுண்ணிய வினாக்களை எழுப்ப முடிந்தமைக்கு ஓர் அளவைமுறையே காரணம். வளர்ச்சி ஓமோன் ஒரு மில்லிலீற்றர் குருதியிற் கிராமின் நூறு கோடியிலொரு பங்கு என்ற கணக்கிலேயே உள்ளது. வேறு சில அதனினும் ஆயிரம் மடங்கு குறைவானவை. நியூயோர்க்கின் பிறொங்ஸ் பகுதியிலுள்ள முன்னாட் படைவீரர் மருத்துவமனையில் ரோசலின் யலோ, சொலமன் பேர்சன் ஆகிய இருவரும், இன்சுலின் ஊசி பெற்றுவந்தோரின் குருதியில் இன்சுலினுக்கெதிரான பிறபொருளெதிரிகள் தோன்றுவதைக் கண்டனர். அத்துணைச் சிறிய புரதத்துக்கு எதிராக அவ்வாறு தோன்ற இயலாதென்று கூறி அவர்களுடைய கட்டுரையை முதலிற் சஞ்சிகைகள் ஏற்க மறுத்தன. மறுப்புக் கடிதமொன்றை யலோ பேணிவைத்திருந்து, 1977 இல் நொபெல் பரிசு பெற்றபோது தமது உரையிற் காட்டினார். பேர்சன் 1972 இலேயே காலமாகிவிட்டார். அப்பிறபொருளெதிரிகளையே அளவுகோலாக மாற்றி அவர்கள் உருவாக்கிய கதிரியக்க முறை, ஏறத்தாழ 1960 முதல் இத்துறையையே மாற்றியமைத்தது. அதற்கு அவர்கள் காப்புரிமை பெறவில்லை. அது எல்லோர்க்கும் பொதுவாயிற்று.

உருவகத்துக்கு மீள்வோம். கலத்தின் நோயே நோய் என்று 1858 இல் நிறுவிய ருடோல்ப் விர்க்கோ, உடலைக் கலங்களின் குடியரசாகக் கண்டார். தனித்தனி உயிர்களான சமமானோரின் கூட்டு என்றார். அவர் 1848 இல் பேர்லின் வீதித்தடைகளில் நின்றவர். அதே ஆண்டில் மேல் சிலேசியாவில் நெசவாளரையும் விவசாயிகளையும் கொன்ற கொள்ளைக்காய்ச்சலுக்கு வறுமையே காரணம் என அறிக்கையிட்டவர். அமெரிக்கரான வோல்ரர் கனன் உடலின் சமநிலை பற்றி 1932 இல் எழுதிய நூலின் இறுதியில், பெருமந்தத்தால் நிலைகுலைந்திருந்த சமூகத்துக்கும் அதுபோன்ற சமநிலைப் பொறிமுறை வேண்டுமென்றார். ஒவ்வொருவரும் தத்தம் காலத்தின் அரசியலை உடலிற் படித்து, பின்னர் உடலிலிருந்து அதனையே சான்றாக எடுத்துக்கொண்டமை தெளிவு. மார்க்ஸும் பண்டத்தை முதலாளித்துவப் பொருளாதாரத்தின் கலவடிவமெனக் குறித்தவரே. எவராலும் இடப்படாத கட்டளைக்குப் பணிந்து பெருகிக்கொண்டேயிருக்கும் கலத்தைக் கண்டதும், அது மூலதனத்தின் உருவமல்லவா என்று எழுதிவிட நமக்கும் கை துடிக்கிறது. எழுதாதிருத்தலே நன்று. எதிரியின் உருவகத்தைத் தலைகீழாக்குவதால் அது விஞ்ஞானமாகிவிடாது. கலத்துக்கு வர்க்கமில்லை, நலன் பற்றிய உணர்வுமில்லை. கட்டிக்கும் சமூகத்துக்குமிடையிலுள்ள மெய்யான தொடர்பை ஒப்புமையில் அல்லாது வரலாற்றிலேயே தேடுதல் வேண்டும். அத்தகைய வரலாறொன்று உண்டு.

சார்ள்ஸ் பேர்ன் என்பவன் 1761 இல் அயர்லாந்தின் வடபகுதியில் லிற்றில்பிரிட்ஜ் என்ற சிற்றூரில் எளிய குடும்பத்திற் பிறந்தவன். நீண்ட எலும்புகளின் நுனிகளிலுள்ள வளர்ச்சித் தகடுகள் மூடிக்கொள்ளுமுன் வளர்ச்சி ஓமோன் மிகுந்தால் உடல் நெடிது வளரும். மூடிய பின் மிகுந்தால் கைகால்களும் தாடையுமே பருக்கும். பேர்ன் முதல் வகையினன். அவனுடைய எலும்புக்கூட்டின் உயரம் 2.31 மீற்றர். 1782 இல் அவன் இலண்டனுக்கு வந்து ஐரிஷ் அரக்கன் என்ற பெயரில் மண்டபங்களில் தன்னைக் காட்சிப்படுத்தினான். காண்போர் கட்டணஞ் செலுத்தி வந்தனர். விற்பதற்கு உழைப்புச் சக்தியன்றி வேறேதும் இல்லாதவனே பாட்டாளி என்பர். இவ்விளைஞனிடம் அதுதானும் எஞ்சவில்லை. அந்நோய் மூட்டுகளையும் தசைகளையும் நலிவிப்பது. ஆதலால் தன்னைக் கொன்றுகொண்டிருந்த சுரப்பையே அவன் பண்டமாக்கி விற்கவேண்டியதாயிற்று. சேமித்த ஏறத்தாழ 700 பவுண் பணத்தை ஒருநாள் களவுகொடுத்தான், குடி மிகுந்தது, 1783 ஜூனில் இருபத்திரண்டு வயதில் இறந்தான்.

தன் உடலை உடற்கூற்றியலாளர் நாடுவர் என்பதை அவன் அறிந்திருந்தான். ஈயப்பெட்டியில் வைத்துத் தன்னைக் கடலில் இடுமாறு நண்பரிடம் வேண்டியிருந்தான். புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் ஹன்ரர் கையூட்டுக் கொடுத்து, கடற்கரைக்குச் செல்லும் வழியில் உடலை மாற்றி எடுப்பித்தார். 500 பவுண் செலவிட்டார் என்று கூறப்படுகிறது. உடலை அவித்து எலும்புகளைப் பிரித்தெடுத்தார். சில ஆண்டுகள் அதனை மறைத்தே வைத்திருந்தார். யொசுவா றெனோல்ட்ஸ் 1786 இல் வரைந்த ஹன்ரரின் ஓவியத்தில், மேல்மூலையில் அவ்வெலும்புக்கூட்டின் கால்கள் மாத்திரம் தெரிகின்றன. ஹன்ரரின் சேகரிப்பை 1799 இல் அரசு விலைக்கு வாங்கிச் சத்திரசிகிச்சையாளர் சங்கத்திடம் ஒப்படைத்தது. பின்னர் அது அரச சத்திரசிகிச்சைக் கல்லூரியின் நூதனசாலையாயிற்று. பேர்னின் எலும்புக்கூடு கண்ணாடிப் பேழையில் நிறுத்தப்பட்டது. உயிருடன் இருந்தபோது தன்னைக் காட்டிப் பெற்ற காசையேனும் அவன் கையில் வாங்கினான்.

அவ்வெலும்புகள் அறிவுக்குப் பயன்பட்டமையை நாம் மறுக்கவில்லை. 1886 இல் பிரெஞ்சு மருத்துவர் பியர் மாறி, கைகால்களும் தாடையும் பருக்கும் நோயைத் தனிநோயாக விவரித்துப் பெயரிட்டார். 1909 இல் குஷிங் இலண்டனுக்கு வந்தபோது பேர்னின் மண்டையோடு திறந்து பார்க்கப்பட்டது. கபச்சுரப்பி அமரும் குழி பெரிதும் விரிந்திருந்தது. நூற்றிருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் நோய் நிர்ணயமாயிற்று. 2011 இல் இரு பற்களிலிருந்து பரம்பரைப் பதார்த்தத்தை எடுத்து ஆராய்ந்தவர்கள், கட்டியைத் தடுக்கும் பரம்பரையலகு ஒன்றில் விகாரம் இருப்பதைக் கண்டனர். அதே விகாரம் இன்று வட அயர்லாந்தில் வாழும் நான்கு குடும்பங்களிலும் இருந்தது. ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மூதாதை ஒருவரிடமிருந்து அவர்களும் பேர்னும் அதனைப் பெற்றிருத்தல் வேண்டும் எனக் கணிக்கப்பட்டது. அதன் பயனாக அப்பகுதி மக்களிடையே அவ்விகாரத்தைத் தேடும் பரிசோதனைகள் நடைபெற்றன. கட்டியை முன்கூட்டியே கண்டால் மூக்கின் வழியாகச் சத்திரசிகிச்சை செய்து அகற்றலாம்; எஞ்சியதை மாதந்தோறும் இடும் விலையுயர்ந்த ஊசிகளால் அடக்கலாம். அரச சுகாதார சேவையுள்ள நாட்டில் இது கைகூடுவது. பிற நாடுகளிற் பலருக்கு மூன்றாவது ஊசியோடு பணம் தீர்ந்துவிடும்.

உயரத்தைப் பண்டமாக்குதல் பேர்னோடு முடிந்துவிடவுமில்லை. வளர்ச்சி ஓமோன் குறைந்த குழந்தைகளுக்கு, இறந்தோரின் கபச்சுரப்பிகளிலிருந்து வடித்தெடுத்த ஓமோனை ஊசியாக இடலாமென்பது 1958 இல் தெரியவந்தது. ஒரு குழந்தையின் சிகிச்சைக்குப் பல சுரப்பிகள் தேவைப்பட்டதால் பல நாடுகளின் பிரேத அறைகளில் அவை சேகரிக்கப்பட்டன. அவ்வாறு சேர்ந்த சுரப்பிகளுட் சில, மூளையைச் சிதைக்கும் குறொய்ற்ஸ்பெல்ட்-யாக்கொப் நோயின் காரணியைக் கொண்டிருந்தன. ஊசி பெற்ற இளைஞர் சிலர் அந்நோயால் இறந்தமை தெரிந்ததும் 1985 இல் அமெரிக்காவும் பிரித்தானியாவும் அதனை நிறுத்தின. பிரான்சில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் பின்னர் இறந்தனர். அதே ஆண்டில், பற்றீரியாவைக் கொண்டு ஆக்கிய வளர்ச்சி ஓமோன் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. தட்டுப்பாடு தீர்ந்தது, நோயாளர் தொகையோ சிறியது. 2003 இல், ஓமோன் குறைபாடு எதுவுமற்ற, ஆயினும் ஒத்த வயதினருள் மிகக் குள்ளமான குழந்தைகளுக்கும் அதனைக் கொடுக்க அந்நாட்டில் அனுமதி வழங்கப்பட்டது. குள்ளமாயிருத்தல் இவ்வாறு சிகிச்சைக்குரிய நிலையாயிற்று. பண்டம் தனக்கு வேண்டிய தேவையையும் தானே ஆக்கிக்கொள்ளும் என்பதற்கு வேறு சான்று தேடவேண்டியதில்லை.

ஆங்கில நாவலாசிரியை ஹிலரி மன்ரெல் 1998 இல் வெளியிட்ட நாவலில், பேர்ன் மேடையில் வழங்கிய ஓ பிறையன் என்ற பெயரிலேயே நாயகனாகிறான். அங்கே அவன் கதை சொல்லியாகவும் வருகிறான். அவனிடம் எலும்பை மட்டும் கண்ட உடற்கூற்றியலாளருக்கு அது ஒரு மறுமொழியாகவே நமக்குத் தோன்றுகிறது. 2011 இல் மருத்துவ நெறியியலாளர் ஒருவரும் சட்டவியலாளர் ஒருவரும் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில், அவனுடைய விருப்பப்படி எலும்புகளைக் கடலில் இடவேண்டுமென வாதாடினர். பரம்பரைப் பதார்த்தம் எடுக்கப்பட்டாயிற்று. இனியும் வைத்திருப்பதற்கு நியாயமில்லை என்பது அவர்கள் வாதம். நமக்கும் அதுவே சரியெனத் தோன்றுகிறது. மேலும் ஆராய வேண்டியிருக்கும் என்ற மறுமொழியைப் புறக்கணிக்க முடியாதெனினும், அந்த ஆய்வால் நலம்பெறக்கூடிய குடும்பங்கள் இன்று உயிரோடிருக்கின்றன. தம் குருதியைத் தாமே மனமிசைந்து கொடுக்க அவர்களால் இயலும். பேர்னிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. அவன் கேளாமலே தெளிவாக மறுத்திருந்தான்.

நூதனசாலை 2017 இல் திருத்த வேலைகளுக்காக மூடப்பட்டது. 2023 ஜனவரியில், எலும்புக்கூடு இனிக் காட்சிக்கு வைக்கப்படமாட்டாது, ஆயின் மெய்யான மருத்துவ ஆய்வுக்காகப் பேணப்படும் என அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் நூதனசாலை மீண்டுந் திறக்கப்பட்டபோது அது அங்கு இல்லை. றெனோல்ட்ஸின் ஓவியத்திற் கால்கள் இன்றும் தெரிகின்றன. எலும்புகள் கல்லூரியின் பொறுப்பிலேயே உள்ளன, கடலுக்குச் செல்லவில்லை.